மூளையை வெட்டாமல் உள்ளே பார்க்க எக்ஸ்ரே போதுமா?

பழைய_பிலிம் | திங்கள், இரவு 9:40

அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு வருஷம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவன் நான். நேற்று பேத்தி வந்து, "தாத்தா, எலியோட மூளையை எக்ஸ்ரேல எடுத்து ஒவ்வொரு செல்லையும் முப்பரிமாணத்துல காட்டுறாங்களாம்" என்றாள். சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். ஏன் சிரித்தேன் என்று இங்கே சொல்கிறேன், தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

ஸ்கல் எக்ஸ்ரே ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறேன். பிலிமை ஃபிக்ஸரிலிருந்து தூக்கி, சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினால் தெரிவது எலும்பு. மூளை இருக்கிற இடத்தில் ஒரே சாம்பல். அந்தச் சாம்பலில் எங்கள் கண்ணுக்குப் பிடிபடுகிற ஒரே சங்கதி, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. வயதானால் பினியல் சுரப்பியில் சுண்ணாம்பு படியும், அதுதான் அது. பெரிய டாக்டர் ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் அளப்பார். புள்ளி நடுக்கோட்டை விட்டு விலகியிருந்தால் ஒரு பக்கம் கட்டியோ ரத்தக்கட்டோ தள்ளுகிறது என்று அர்த்தம். சிடி வருகிற வரைக்கும் ஒரு மிளகை வைத்துத்தான் மூளைக்கு ஜோசியம் பார்த்தோம்.

மூளை என்பது தண்ணீரும் கொழுப்பும். இரண்டையும் எக்ஸ்ரே கண்டுகொள்ளாமல் போய்விடும். அதே எக்ஸ்ரேயில் செல் தெரிகிறது என்றால் எப்படி?

வாசகன்77 | திங்கள், இரவு 9:58

மிளகு ஜோசியம் 😄 தொடருங்கள் ஐயா.

எட்டுமணி_ஷிஃப்ட் | திங்கள், இரவு 11:15

வணக்கம் சார். நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை. உங்கள் மெஷினில் எடுத்தால் இன்றைக்கும் சாம்பல்தான். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன்: மூளைத் துண்டைத் தயார் செய்து டப்பாவில் போட்டுக்கொண்டு சின்க்ரோட்ரானுக்கு (எலக்ட்ரானைப் பெரிய வளையத்தில் ஓடவிட்டு எக்ஸ்ரே உண்டாக்கும் மெஷின்) ஓடுவது. என் பெயரைப் பார்த்தாலே புரியும், அங்கே நேரத்தை எட்டு மணி ஷிஃப்டாகத்தான் பிரித்துக் கொடுப்பார்கள்.

வயிற்றுக்குப் பேரியம் கொடுத்து எடுத்திருப்பீர்களே, அதே தந்திரம் ஒன்று இருக்கிறது. எலும்பில் உள்ள கால்சியத்தின் அணு எண் 20, உங்கள் பேரியத்துக்கு 56. நாங்கள் மூளைக்குப் போடுவது ஆஸ்மியம், 76. அது கொழுப்பைத் தேடிப் போய் ஒட்டும். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பு என்பதால் ஒவ்வொரு செல்லுக்கும் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும். கூடவே யுரேனியம், ஈயம் உப்புகள். ஊறி முடிக்கும்போது வெண்ணெய் நிறத்தில் இருந்த எலி மூளை அட்டக்கரியாக மாறியிருக்கும். அதை ரெசினில் உறையவைத்தால் பொத்தான் மாதிரி கையில் எடுக்கலாம்.

இரண்டாவது தந்திரத்துக்குச் சாயமே வேண்டாம். எனக்குப் பிடித்தது இதுதான். தெளிந்த வாய்க்காலில் வெயில் அடிக்கும்போது அடிமணலில் வெளிச்சக் கோடுகள் நெளிநெளியாக ஓடுமே, பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வெயிலை விழுங்கவில்லை, வளைக்கத்தான் செய்தது. அந்த வளைவே கீழே படமாக விழுகிறது. எக்ஸ்ரேயும் அலைதான். மூளைத் திசு அதை விழுங்காவிட்டாலும் இம்மியளவு வளைக்கும். டிடெக்டரைச் சாம்பிளுக்கு ஒட்டி வைத்தால் அது தெரியாது. தள்ளி வைத்தால் நெளிவு விரிந்து தெரியும். ஆனால் கதிர் ஒழுங்கான அலையாக, ஒரு சின்னப் புள்ளியிலிருந்து வருவது போல இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் குழாயில் அது கிடைக்காது. அதற்குத்தான் சின்க்ரோட்ரான்.

பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்து ஈஎஸ்ஆர்எஃப் என்ற சின்க்ரோட்ரான் மையத்தில் எலக்ட்ரான் ஓடும் வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். அதைப் புதுப்பித்து 2020இல் மறுபடி திறந்தார்கள். அங்கே பிஎம்18 என்று ஒரு பீம்லைன், அதாவது வளையத்திலிருந்து வரும் கதிரை வைத்துப் படம் எடுக்கும் கூடம். அதில் டிடெக்டரைச் சாம்பிளிலிருந்து முப்பது மீட்டருக்கும் மேலே தள்ளி வைக்கலாம். நீங்கள் பிலிமை மேஜைக்கு அடியில் செருகுவீர்கள். இவர்கள் அடுத்த தெருவில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_பிலிம் | செவ்வாய், காலை 6:20

வாய்க்கால் உதாரணம் பளிச்சென்று புரிந்தது, தாயி. நாங்கள் பேஷண்டுக்கும் பிலிமுக்கும் இடைவெளி விழுந்தால் படம் மங்கிப்போகும் என்று திட்டு வாங்கியவர்கள். இவர்கள் இடைவெளியை வைத்தே படம் எடுக்கிறார்களா!

எலி மூளை சரி. மனுஷ மூளையை முழுசாக வைக்க முடியுமா?

எட்டுமணி_ஷிஃப்ட் | செவ்வாய், காலை 7:05

வைத்திருக்கிறார்கள் சார். உடல் தானம் செய்தவர்களின் மூளை, இதயம், நுரையீரல், சிறுநீரகம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் ஈஎஸ்ஆர்எஃப்பும் மற்றவர்களும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட முறை. உறுப்பு முழுவதையும் முதலில் 20, 25 மைக்ரானில் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) சுற்றி எடுப்பார்கள். பிறகு வேண்டிய இடத்தில் மட்டும் நெருங்கி ஒன்று, ஒன்றரை மைக்ரான் வரை போவார்கள். வெட்ட வேண்டாம், அதே உறுப்புக்குள்ளேயே நெருங்கலாம். சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்ற பெரிய நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

அதில் சமையலறைச் சமாசாரம் ஒன்று. மூளையை ஃபார்மலினில் பதப்படுத்தி, படிப்படியாக 70 சத ஆல்கஹாலுக்கு மாற்றுவார்கள். ஜாடியில் சும்மா வைத்தால் சுற்றும்போது ஆடும். ஒரு முடி அளவு ஆடினாலும் படம் போச்சு. அதனால் அகர் ஜெல்லியைத் துண்டு துண்டாக வெட்டி, ஆல்கஹாலில் ஊறவைத்து, மூளையைச் சுற்றி அடைத்து வைப்பார்கள். நாம் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டு வாங்குவோமே, அதே கடற்பாசிச் சரக்கு. அப்புறம் வெற்றிடப் பம்பு போட்டுக் காற்றுக் குமிழியை உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்த வேலையில் எங்கள் பரம்பரை எதிரி குமிழிதான்.

குறுக்குசால் | செவ்வாய், காலை 10:30

பெயருக்கேற்ற வேலையைச் செய்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒன்றரை மைக்ரானில் செல்லின் உடம்பு தெரியும், சரி. ஆனால் மூளை வரைபடம் என்று எல்லோரும் பேசுவது எந்தச் செல் எதோடு பேசுகிறது என்பதைத்தானே? இரண்டு நியூரான் (நரம்புச் செல்) சந்திக்கும் இடத்தில் இடைவெளி 20 நானோமீட்டர். மெல்லிய நரம்பிழை 100 நானோமீட்டருக்கும் கீழே. ஒன்றரை மைக்ரான் என்பது 1,500 நானோமீட்டர். ஊரை விமானத்திலிருந்து பார்த்துவிட்டு யார் வீட்டில் யார் பேசிக்கொண்டார்கள் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

இதுவரை முழுசாக வரைபடம் போட்டதெல்லாம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான். 1986இல் புழு, 302 நியூரான். 2024 அக்டோபரில் பழ ஈ, 1,39,255 நியூரான். இரண்டிலும் எக்ஸ்ரேக்கு வேலையில்லை. பேத்தி படித்த தலைப்பு எக்ஸ்ரேக்குக் கொஞ்சம் அதிகமாகவே மாலை போடுகிறது என்பது என் கட்சி.

மருதாணி | செவ்வாய், மதியம் 1:10

உடற்கூறியல் சொல்லித்தருகிறவள். குறுக்குசால் அண்ணன் கணக்கு சரி. ஆனால் "எல்லாவற்றையும் பார்த்தால்தான் வரைபடம்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1873இல் கோல்ஜி கண்டுபிடித்த வெள்ளிச் சாயம் நூறு நியூரானில் ஓரிரண்டை மட்டும் கறுப்பாக்கும். எதனால் அந்த ஓரிரண்டு என்பதற்கு இன்றைக்கும் சரியான விடை இல்லை. கஹால் என்ற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி அந்த ஓரிரண்டை வைத்துத்தான் நியூரான் தனித்தனிச் செல் என்று நிறுவினார். 1906இல் இருவருக்கும் ஒரே நோபல். மேடையிலேயே கோல்ஜி எதிர்க்கட்சியாகப் பேசியது தனிக் கதை. ஜப்பானில் ஸ்பிரிங்-8 என்ற சின்க்ரோட்ரானில் அதே பழைய கோல்ஜி சாயம் போட்ட மனித மூளைத் துணுக்குகளை எக்ஸ்ரேயில் முப்பரிமாணமாக எடுத்து, ஸ்கிசோஃப்ரினியா இருந்தவர்களின் நரம்பிழை எப்படி வளைந்து நெளிகிறது என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். 150 வருஷச் சாயம், ஒன்றரைக் கிலோமீட்டர் வளையம்!

வெட்டிப் பார்ப்பதற்கும் நான் எதிரி இல்லை. சென்னை ஐஐடியில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் செய்வது வெட்டுகிற வேலைதான். கருவிலிருந்த சிசுக்களின் மூளை ஐந்தை உறையவைத்துச் சீவி, 5,132 சீவல்களின் படத்தை 2024 டிசம்பரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். சீவலில் சாயம் ஏற்றினால் எந்த வகைச் செல் என்பது நிறத்தில் தெரியும். எக்ஸ்ரேயில் எல்லாமே கறுப்பு வெள்ளை. இதை யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

எட்டுமணி_ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 10:45

குறுக்குசால் அண்ணா, ஈயும் புழுவும் எக்ஸ்ரேயின் கணக்கில் வராது, முழுசாக ஒத்துக்கொள்கிறேன். தலைப்பு எழுதுகிறவர்களோடு எனக்கும் சண்டை உண்டு. ஆனால் வெட்டுவதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள்.

எலக்ட்ரான் கற்றை திசுவுக்குள் சில நூறு நானோமீட்டர்தான் போகும். அதனால் வெட்டியே ஆக வேண்டும். அந்த ஈயின் மூளை கசகசா அளவு. அதை வைரக் கத்தியால் 40 நானோமீட்டர் தடிப்பில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டாகச் சீவி, 2 கோடியே 10 லட்சம் படம் எடுத்தார்கள். சீவல் தண்ணீரில் மிதக்கும்; வெள்ளி கலந்த சாம்பலாக மினுமினுக்கும். மூச்சு விட்டால் மடியும். ஒரு சீவல் மடிந்தால் பரவாயில்லை, பக்கத்துச் சீவல்களை வைத்துச் சமாளிக்கலாம். அடுத்தடுத்து நான்கைந்து போனால் அந்த வழியாகப் போன நரம்பிழை எல்லாம் அறுந்த மாதிரி. இடியாப்பத்தைக் குறுக்கே சீவிவிட்டு, ஒவ்வொரு வில்லையிலும் தெரியும் புள்ளிகளை வைத்து ஒரே இழையைக் கடைசி வரைக்கும் பிடித்துப் போகிற வேலை அது.

எக்ஸ்ரே அந்த இடியாப்பத்தை அப்படியே வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. கூர்மையும் ஒன்றரை மைக்ரானோடு நிற்கவில்லை. 2020இல் கிரெனோபிளில் ஹாலோகிராம் முறையில் ஈயின் நரம்பையும் எலியின் புறணியையும் (மூளையின் வெளி அடுக்கு) 100 நானோமீட்டருக்குக் கீழே எடுத்தார்கள். ஹார்வர்டு குழு அதை வைத்து நரம்பிழைகளைத் தொடர்ந்து போயிற்று. 2025இல் லண்டன் கிரிக் நிறுவனத்தாரும் சுவிட்சர்லாந்து பால் ஷெரர் நிறுவனத்தாரும் டைகோகிராஃபி என்ற முறையில் 38 நானோமீட்டரை எட்டிவிட்டார்கள். எலி மூளையில் சினாப்ஸ், அதாவது இரண்டு நியூரான் சந்திக்கும் இடம், அடையாளம் தெரிகிறது. எடுத்த துணுக்கு ரொம்பச் சின்னது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் என்னைக் கேட்டால், கூர்மையில் எலக்ட்ரானோடு போட்டி போடுவது எக்ஸ்ரேயின் பெருமை இல்லை. பார்த்த பிறகும் சாம்பிள் முழுசாகக் கையில் இருக்கிறது என்பதுதான். சிகாகோ பக்கத்து ஆர்கான் ஆய்வகத்து வளையத்தைப் பயன்படுத்தும் குழு ஒன்று, ஒரே எலி மூளையை முதலில் எம்ஆர்ஐ, அப்புறம் எக்ஸ்ரே, அதிலேயே பிறகு எலக்ட்ரான் என்று வரிசையாக எடுத்து 2021இல் வெளியிட்டது. எங்கே வெட்டுவது என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும். குத்துமதிப்பாக வெட்டி, தேடிய இடம் கத்தியில் போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொள்கிற நாள் எனக்கு இப்போது குறைந்திருக்கிறது.

குறைந்திருக்கிறது என்றுதான் சொன்னேன். ஒருமுறை ஒரு பீம்லைனில் மூன்று ஷிஃப்ட் கிடைத்தது. ஆறு மாதம் காத்திருந்து வாங்கிய நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு முதல் ஸ்கேன் திரையில் உருவாகி வருகிறது. அழகான புறணி, அடுக்கடுக்காக. நடுவில் மட்டும் வளைய வளையமாக ஒரு நிழல், கல் எறிந்த குளம் போல. ரெசினுக்குள் குமிழி. கதிரின் சூட்டில் அது பெரிதாகி, பக்கத்துத் திசுவைப் பிளந்துகொண்டு போகிறது. கண்ணெதிரே. ஷட்டரை மூடிவிட்டு வெளியே போய் மெஷின் காபி குடித்தேன். அதற்கு ருசி இருந்ததாக நினைவில்லை.

டிஸ்க்_ஃபுல் | புதன், காலை 8:50

எல்லோரும் படம் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். வைப்பதற்கு இடம்? தரவு மையத்தில் வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எலி மூளை சுமார் 500 கன மில்லிமீட்டர். ஒரு மைக்ரான் புள்ளியாக எடுத்தால், புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் 500 ஜிபி. என் லேப்டாப்பிலேயே அடங்கும். அதையே 10 நானோமீட்டர் புள்ளியாக எடுத்தால் ஒவ்வொரு திசையிலும் 100 மடங்கு, மொத்தத்தில் 10 லட்சம் மடங்கு. 500 பெட்டாபைட், அதாவது 50 கோடி ஜிபி! அது மூலப் படம் மட்டும்.

இது கற்பனையும் இல்லை. 2024இல் கூகுளும் ஹார்வர்டும் வெளியிட்ட மனித மூளைத் துணுக்கு ஒரு கன மில்லிமீட்டர், அரிசி மணியில் பாதி கூட இல்லை. அதற்கே 1.4 பெட்டாபைட், சுமார் 57,000 செல், 15 கோடி சினாப்ஸ்.

ஆகவே எக்ஸ்ரே கூர்மை கூடக் கூட என் வயிற்றில் புளி கரைகிறது. அதை இழை இழையாகப் பிரித்துக் கோடு போடுவது யார்?

எட்டுமணி_ஷிஃப்ட் | புதன், காலை 9:30

கம்ப்யூட்டர் முக்கால்வாசி போடும், மனுஷன் உட்கார்ந்து திருத்துவான். ஈ மூளையில் அப்படித்தான், உலகம் முழுக்க ஆட்கள். கம்ப்யூட்டர் இரண்டு இழையை ஒன்றாக ஒட்டிவிடும், அல்லது ஒன்றை இரண்டாக அறுத்துவிடும். ஒட்டியதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஸ்கேன் ஒரு நாளில் முடிந்து, திருத்தல் இரண்டு வருஷம் போன கதைகள் உண்டு. நெசவாளியை விடச் சிக்கெடுப்பவருக்கு வேலை அதிகம்.

தென்னங்கீற்று | புதன், இரவு 8:15

இந்த உரையாடலுக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. அம்மாவுக்கு மூன்று வருஷமாக மறதி நோய். சிடி, எம்ஆர்ஐ எல்லாம் எடுத்தாயிற்று. "சுருங்கியிருக்கிறது" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற எக்ஸ்ரே எந்த நாட்டிலாவது உயிரோடு இருப்பவர்களுக்கு எடுக்கிறார்களா? செலவானாலும் பரவாயில்லை.

எட்டுமணி_ஷிஃப்ட் | புதன், இரவு 8:40

சம்பந்தம் இருக்கிறது அக்கா, தாராளமாகக் கேளுங்கள். பதில்: இல்லை. எந்த நாட்டிலும் இல்லை. யாராவது எடுப்பதாகச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

காரணம் கதிரளவு. அதை கிரே என்ற அலகில் அளப்போம். தலை சிடியில் மூளைக்குப் போவது ஒரு கிரேயில் சுமார் இருபதில் ஒரு பங்கு. உடம்பு முழுவதும் நான்கைந்து கிரே ஒரே தடவையில் விழுந்து, சிகிச்சையும் இல்லாவிட்டால் சுமார் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். நானோமீட்டர் அளவில் நாங்கள் எடுக்கும்போது அந்தத் துணுக்கில் விழுவது கோடிக்கணக்கான கிரே. ரெசினே சுருங்கும். கிரிக்–சுவிஸ் ஆட்கள் 38 நானோமீட்டருக்குப் போக முடிந்ததே, அணு உலை, விண்வெளி வேலைக்கென்று செய்த, கதிரைத் தாங்கும் ரெசின் வகையைத் தேடிப் பிடித்ததாலும், கடுங்குளிரில் வைத்து எடுத்ததாலும்தான். புள்ளி பாதியாகச் சிறுத்தால் கதிர் பல மடங்கு ஏறும். அதிலிருந்து தப்ப வழியில்லை.

அம்மாவுக்கு இன்று உதவக்கூடியது நரம்பியல் மருத்துவரிடம் நேராகக் கேட்பது: எந்த வகை மறதி, எம்ஆர்ஐயில் எந்தப் பகுதி சுருங்கியிருக்கிறது, போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட்டார்களா. பழைய சிடி ஸ்கேன் படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

தென்னங்கீற்று | புதன், இரவு 9:02

நன்றி தங்கச்சி. பழைய சிடி பீரோவில் எங்கேயோ இருக்கிறது. தேடுகிறேன்.

குறுக்குசால் | வியாழன், காலை 7:45

ஷிஃப்ட் தங்கச்சி சொன்ன "பார்த்துவிட்டு வெட்டு" வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். 38 நானோமீட்டரை இன்னும் ஏற்கவில்லை. குன்றிமணி அளவுக்காவது அதே கூர்மையில் எடுத்துக் காட்டட்டும், அன்றைக்கு இங்கே வந்து தோற்றேன் என்று எழுதுகிறேன்.

இன்னொன்று: இதெல்லாம் பிரான்ஸ், சிகாகோ, ஜப்பான். நம் நாட்டில்?

எட்டுமணி_ஷிஃப்ட் | வியாழன், காலை 8:30

இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது அண்ணா. 250 கோடி எலக்ட்ரான் வோல்ட், 172 மீட்டர் வளையம். எக்ஸ்ரே படம் எடுக்கும் பீம்லைனும் உண்டு. சின்னத் திசுக்களுக்கு ஆகும். முழு மனித மூளைக்கு அந்தக் கதிர் அகலமும் ஆற்றலும் போதாது. ஆர்கான் வளையம் 1,104 மீட்டர். அதையே 2023இல் மூடி, உள்ளே இருந்த காந்தங்களை எல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டு 2024இல்தான் திறந்தார்கள். நம்மிடம் அந்த அளவில் ஒன்று வர வேண்டும் என்று பேச்சு பல வருஷமாக நடக்கிறது. பேச்சு.

பழைய_பிலிம் | வியாழன், மாலை 6:10

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பேத்தியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஒரு ஐஸ்கிரீமோடு முடிந்தது.

ஒன்று நினைவுக்கு வந்தது. சிடி கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டு சோதனைக்குக் கசாப்புக் கடையில் மாட்டு மூளை வாங்கி லண்டன் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் சொல்வார். முதல் சோதனைப் படத்துக்கு ஒன்பது நாள் ஓடியதாம். 1971 அக்டோபரில் முதல் நோயாளியை எடுத்தபோது 80க்கு 80 கட்டம்தான் படம், கோலப்புள்ளி மாதிரி. அந்தக் காலத்து ஆட்களும் நம் குறுக்குசால் தம்பி மாதிரி ஒருத்தரிடம் பதில் சொல்லியிருப்பார்கள்.

தாயி, கிரெனோபிள் ஆட்கள் எடுத்த மூளைப் படங்களை நாமும் பார்க்கலாமா? அல்லது படித்தவர்களுக்கு மட்டுமா?

எட்டுமணி_ஷிஃப்ட் | வியாழன், மாலை 6:35

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் சார். ஹியூமன் ஆர்கன் அட்லஸ் என்று தேடுங்கள், காசு கிடையாது. பெரிய கோப்பைத் தரவிறக்காதீர்கள், வீட்டு இணையம் மூச்சு வாங்கும். உலாவியிலேயே மூளையைத் திறந்து சக்கரத்தை உருட்டினால் உள்ளே போகும். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

பழைய_பிலிம் | வியாழன், இரவு 10:20

திறந்துவிட்டோம். பேத்தி சக்கரத்தை உருட்ட, நான் "மேலே, இன்னும் பின்னாலே" என்று வழி சொல்ல, ஒரு மணி நேரமாக இரண்டு பேரும் நடுக்கோட்டில் அலைகிறோம். மிளகைத் தேடுகிறோம். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், நாளைக்கு எழுதுகிறேன்.